நாவுல வழி வந்தவர்களும் ஈறுநோயின் வரலாறும்

கோப்பிக் காலத்தில் தோட்ட வேலைக்காக இலங்கையின் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழர்கள் தம்புள்ளை, நாவுல, நாலந்தா என்று காட்டுவழியே நடந்துதான் மாத்தளையை அடைந்தார்கள். காய்ச்சலில் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். அந்தப் பாதையில் தொடங்கிய மலையகச் சமூகத்துக்கு உலகப் பல் மருத்துவம் பெரிய கடன்பட்டிருக்கிறது. 1970இல் நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோவும் அவரது குழுவினரும் டன்சினேன், ஹரோ தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். பல் துலக்கும் பழக்கமோ பல் வைத்தியமோ எட்டாத இளைஞர்கள் அவர்கள். ஏறக்குறைய எல்லார் பல்லிலும் அழுக்குப் படலமும் காறையும் இருந்தன, ஈறுகள் அழன்றிருந்தன. 15 ஆண்டுகளுக்குப் பின் பரிசோதனைக்குக் கிடைத்த 161 பேரில் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றி, 45 வயதுக்குள் பற்கள் அத்தனையும் போய்விட்டன. 81 சதவீதத்தினருக்கு அது மெல்ல வளர்ந்தது. மீதி 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை. ஒப்பீட்டுக்கு எடுத்த ஒஸ்லோக்காரர்களுக்குச் சிறுவயதிலிருந்தே பல் வைத்தியம் கிடைத்தது. தோட்டத்து இளைஞர்களுக்கு அது கிடைக்காததுதான் இந்த ஆய்வுக்கே அடிப்படை என்பது இன்றும் மனத்தை உறுத்த வேண்டிய அநீதி.

இடையில் விடுபட்ட 319 பேரையும் பார்த்திருந்தால் இந்த விகிதம் மாறியிருக்கலாம் என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் ஒரே லயத்து வாழ்க்கை, ஒரே அழுக்கு, அதற்குள் இவ்வளவு வேறுபாடு என்ற உண்மை அதனால் அழியாது. கிருமி இல்லாமல் ஈறு அழலாது. 1965இல் லோவே அதை நிரூபித்திருந்தார். பல் துலக்குவதை நிறுத்தியவர்களுக்கு மூன்று வாரத்துக்குள் ஈறு வீங்கியது, மறுபடி துலக்கியதும் ஆறியது. கிருமி நோயைத் தொடக்கிவைக்கிறது. எலும்பு எவ்வளவு கரையும் என்பதைப் பெரும்பாலும் உடம்பின் எதிர்வினையே தீர்மானிக்கிறது. கிருமியைக் கொல்ல வரும் வெள்ளணுக்கள் கக்கும் நொதிகள், பல்லைப் பிடித்திருக்கும் நார்களையும் சேர்த்தே அரித்துவிடுகின்றன.

அப்படியானால் அழற்சியை அடக்கினால் கிருமிக்குக் கதவு திறந்துவிடாதா? இந்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டு: பிறவியிலேயே வெள்ளணுக்கள் குறைந்த குழந்தைகள் இளவயதிலேயே பல்லை இழக்கிறார்கள். ஆனாலும் பாதுகாப்பும் அழற்சியும் ஒன்றல்ல. வெள்ளணுக்கள் இரத்தக்குழாயை விட்டு ஈற்றுக்குள் நுழைய முடியாத ஓர் அரிய பிறவி நோய் உண்டு. பாதுகாப்பு குன்றிய அந்த ஈற்றிலும் அழற்சி கொழுந்துவிட்டு எரிகிறது. அந்நோயுள்ள ஒருவருக்கு அழற்சிச் சமிக்ஞையைத் தடுக்கும் உஸ்டெகினுமாப் மருந்தைக் கொடுத்தபோது ஈறு தணிந்தது, கடுமையான தொற்றும் வரவில்லை என்று 2017இல் அறிக்கை வெளியானது. ஒரே நோயாளியின் கதைதான். ஆனாலும் அழற்சியைக் குறைத்தால் பாதுகாப்பும் போய்விடும் என்ற பழைய கணக்கை அது அசைக்கிறது. அதற்கு முன்பே, 1998இல், அமெரிக்கா 20 மில்லிகிராம் டொக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை ஈறுநோய்க்கு நாளுக்கு இருமுறை கொடுக்க அனுமதித்திருந்தது. கிருமியைக் கொல்லப் போதாத அந்த அளவு, நார்களை அரிக்கும் நொதியை மட்டும் கட்டுப்படுத்துகிறது. அதன் பலன் மிதமானதுதான். அதுவும் காறையைச் சுரண்டி, பல்லின் வேர்ப்பகுதியைச் சுத்தம் செய்வதோடு சேர்ந்தால்தான் கிடைக்கிறது.