உதகையின் உறைபனியும் வேலிச் செடிகளும்

விருத்தாசலத்தில் வாழும் நமக்குப் பனி என்பது மார்கழி விடியலில் மணிமுத்தாற்றின் மேல் படரும் மூட்டம் மட்டுமே. ஆயினும் களிமண்ணும் சூளையும் அறிந்த ஊரார் குளிர்நிலத் தோட்டம் பற்றி எண்ணுவது முற்றிலும் பொருந்தாத செயலன்று. சுட்ட மண்தொட்டி நீரை உறிஞ்சும். நீர் உறைகையில் ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும். ஆகவேதான் கடுங்குளிர் நாடுகளில் மண்தொட்டி பிளக்கிறது. நன்கு வெந்த பீங்கான் தாங்குகிறது. செடிக்கு நேரும் கேடோ வேறு வகையது. உறைபனி இலையின் உயிரணுக்களிலிருந்து நீரை வெளியே இழுத்துவிட, வெயில் ஏறியதும் இலை தீய்ந்ததுபோல் கருகிவிடுகிறது.

தமிழகத்தில் இக்கேட்டை ஆண்டுதோறும் காணும் ஊர் உதகை. குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாகத் தொல்காப்பியம் வகுத்தது. உதகையின் உறைபனியும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, பெரிதும் அப்பொழுதுகளிலேயே விழுகிறது. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறினார்; 1822-இல் அங்குக் கல்வீடு கட்டத் தொடங்கினார். ஐரோப்பியக் காய்கறிகளும் பழமரங்களும் அவரைத் தொடர்ந்து வந்தன. 1840-களில் வெள்ளையர் சிலர் மாதம் 3 ரூபாய் சந்தா திரட்டிக் காய்கறித் தோட்டமொன்றை நடத்திப் பார்த்தனர், அது நிலைக்கவில்லை. கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் 1848-இல் வந்த பின்னரே, தொட்டபெட்டாவின் சரிவில் இன்றைய தாவரவியல் பூங்கா உருப்பெற்றது.

சரிவு என்பது இங்குக் கருதத்தக்கது. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் நீரைப்போலவே சரிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டுச் செடி பிழைத்திருக்க, பள்ளத்துப் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். வீட்டுத் தோட்டத்தின் கீழ்ப்புறத்தில் அடர்ந்த வேலி வைத்தால், அது குளிரைத் தடுப்பதற்கு மாறாக உள்ளேயே தேக்கிவிடும். உதகைப் பூங்காப் பணியாளர்கள் இன்றும் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் செடிகளால் மூடுகின்றனர். வெயில் ஏறுமுன் புல்வெளிக்கு நீர் தெளிக்கின்றனர். எளிய முறைதான். கண்ணாடி வீட்டைவிட நம் மனத்துக்கு இதுவே உகந்ததாகப் படுகிறது.

வேலியைப் பற்றிச் சொன்னோம். மஞ்சள் பூப் பூக்கும் கார்ஸ் முட்செடியும் ஸ்காட்ச் புரூமும் ஐரோப்பாவிலிருந்து நீலகிரிக்குக் கொணரப்பட்டன. அவை வாடவில்லை, வேலிக்குள் நிற்கவும் இல்லை. தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளில் புகுந்து புதராயின. ஆஸ்திரேலியச் சீகை மரங்களும் அவ்வாறே பரவின. சோலை மரக்கன்றுகள் வெட்டவெளியில் வளராமைக்கு உறைபனியே முதற்காரணம் என்று வனத்துறையின் ரங்கநாதன் 1938-இல் எழுதினார். இக்கருத்தின்படி, காட்டை விலக்கிப் புல்வெளியைக் காத்துவந்த பனியால் இந்த வந்தேறிகளைத் தடுக்க இயலவில்லை. பனியைத் தாங்கும் செடிகளைப் பனி எவ்வாறு தடுக்கும்?

பனியையும் காட்டுத்தீயையும் தாங்கி அப்புல்வெளியில் தனித்து நிற்கும் மண்ணின் மரமொன்று உண்டு. காட்டுப்பூவரசு எனப்படும் ரோடோடெண்ட்ரான். குளிர்காலத்திலேயே சிவக்கப் பூக்கும் இதனை அண்டை வீடாக வைத்துக்கொண்டுதான், வேலிக்கு ஐரோப்பியச் செடிகளைக் கப்பலேற்றி வரவழைத்தனர். அவ்வாறு வந்து பரவிய அயல்தாவரங்களை அகற்றுவதற்கெனத் தமிழக அரசு 2022-இல் தனிக்கொள்கையே வகுக்க நேர்ந்தது.