நிற்கும் நீரில் மூச்சு முட்டும் வேர்கள்

பாகூர், புதுச்சேரியின் நெற்களஞ்சியம். தென்பெண்ணையின் வடகரையிலுள்ள குருவிநத்தமும் அந்த வயல்வெளியைச் சேர்ந்ததுதான். சொர்ணாவூர் அணைக்கட்டில் தடுக்கப்படும் ஆற்றுநீர் பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வருகிறது. பாசனத்துக்கு மதகு, மிஞ்சிய நீர் வெளியேறக் கலங்கு. ஏரி கட்டியவர்கள் தண்ணீர் வரும் வழியோடு அது போகும் வழியையும் சேர்த்தே யோசித்தார்கள்.

இந்த மண்ணில் நெல் வாரக்கணக்கில் தண்ணீரில் நிற்கும். தண்டிலும் வேரிலும் காற்றறைகள் இருப்பதால், இலை வாங்கும் ஆக்சிஜன் வேர்நுனிவரை இறங்கிவிடும். இலையே மூழ்கினால் நெல்லும் தாங்காது. அப்படியும் வெள்ளம் வரும்: 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலால் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்து, ஆற்றின் மேற்பகுதியிலுள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரை ஊர்கள் வெள்ளத்தில் தவித்தன.

கத்தரிக்கும் மிளகாய்க்கும் நெல்லின் வசதி இல்லை. வறட்சிக்குப் பழகிய கற்றாழைக்கும் ஸ்னேக் பிளான்டுக்கும் அறவே இல்லை. காற்றில் பரவும் வேகத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் ஆக்சிஜன் நீருக்குள் பரவுகிறது. மண்ணின் துளைகளெல்லாம் நீரால் நிரம்பினால் வேர் திணறுகிறது. திணறிய வேரில் கிருமி எளிதாக நுழைகிறது.

அந்தக் கிருமிகளில் ஒன்றான பித்தியத்துக்கு 1858இல் பெயரிட்டவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் பிரிங்ஸ்ஹைம். இந்தியாவில் தாவர நோயியலாளர் எட்வின் பட்லர் அந்தப் பேரினத்தைப் பற்றி 1907இல் விரிவான ஆய்வை வெளியிட்டார். 1913இல் ஆமணக்குச் செடியிலிருந்து, அதே வகைக் கிருமியான ஃபைட்டோப்தோரா பாரசிட்டிகாவை விவரித்தவர் இந்திய ஆய்வாளர் தஸ்தூர். பார்வைக்குப் பூஞ்சை போன்றவை என்றாலும் இவை பாசிகளுக்கு நெருங்கிய உறவு. இவற்றின் வித்துகளுக்கு வால் உண்டு. மண்ணில் தேங்கிய நீரில் நீந்தியே வேரைத் தேடி வரும்.

நுண்ணோக்கி வருவதற்கு வெகுகாலம் முன்பே வெற்றிலை விவசாயிகள் இந்த ஆபத்தை அறிந்திருந்தார்கள். வெற்றிலைக் கொடிக்கு ஈரம் குறையக்கூடாது. நீர் நின்றாலோ வாடல் நோய் தோட்டத்தையே காலி செய்துவிடும். அதனால்தான் கொடிக்காலில் மேட்டுப்பாத்தியும் இடையே ஆழமான வாய்க்காலும்.

வீட்டுத் தொட்டியில் அந்த வேலையைச் சுட்ட மண் ஓரளவு செய்கிறது. புதுச்சேரியின் வில்லியனூர் சுடுமண் கைவினைக்கு 2011இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மெருகு பூசாத மண்தொட்டியின் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளிப்புறம் ஆவியாக்கும். பிளாஸ்டிக் தொட்டிக்கு அடித்துளை ஒன்றே கதி. துளைமேல் ஓட்டுச்சில் வைக்கும் பழக்கம் மண் சரியாமல் காக்கும். ஆனால் அடியில் ஜல்லியைக் கனமாகப் பரப்பினால் நீர் வடியும் என்பது தவறு. மேலிருக்கும் பொடிமண் முழுக்க நனைந்த பிறகே நீர் ஜல்லிக்குள் இறங்கும், ஈரமண்டலம் வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடும்.

மண் ஈரமாயிருந்தும் செடி துவண்டால் உடனே பிடுங்கிப் பார்க்க வேண்டும். நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும். அழுகியது பழுப்பேறி நாறும். இழுத்தால் தோல் கழன்று நார் மட்டும் கையில் நிற்கும். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரிக்கோலால் அழுகிய வேர்களை வெட்டி, பழைய மண்ணைக் கொட்டிவிட்டு, ஆற்றுமணலும் மட்கிய தொழுவுரமும் கலந்த புது மண்ணில் நடலாம். உரத்தில் முன்கூட்டியே டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலப்பது தடுப்புக்கு உதவும். அழுகிப்போன வேரை அது மீட்காது. இரண்டு விரற்கடை ஆழம் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். அடித்தட்டில் வடிந்ததை அன்றே கொட்டிவிட வேண்டும்.