நகரத்து இரவும் ஓவியச் சான்றும்

கோபாலபுரத் தெருக்களில் இன்று விடியுமளவும் விளக்கெரிகின்றது. முன்னாளைய நகரத்து இரவை யாம் எவற்றால் அறிவது?

பிரெஞ்சு ஓவியர் தெகா 1870களின் இடையில் ஒற்றைப்படி அச்சு முறையைக் கைக்கொண்டார். அம்முறையுள் ஒரு வகையில், உலோகத் தகடு முழுதும் கரிய மை பூசி, வேண்டுமிடத்துத் துணியாலும் விரலாலும் துடைத்தெடுத்துத் தாளில் அழுத்துவர். நல்ல படி ஒன்றே கிடைக்கும். ஆண்டு இருளே முதல். ஒளி பின்னர்த் தோன்றுவது. 1877இல் பாரிசுக் கண்காட்சியில் அவர் வைத்த, மாலைப்பொழுதில் காப்பிக்கடை முகப்பில் அமர்ந்த மகளிரைக் காட்டும் படைப்பு, இத்தகைய அச்சொன்றின்மேல் வண்ணக்கோல் தீட்டியதாகும். அம்மகளிரைப் பரத்தையர் என்பர் ஆய்வாளர்.

உ. வே. சாமிநாதையர் 1889இல் அச்சேற்றிய பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மதுரைக்காஞ்சி, இரவை யாமந்தோறும் பகுத்துரைக்கின்றது: முதல் யாமத்துப் பரத்தையர், அடுத்துக் கடையடைத்துத் துயில்வோர், அதன்பின் கள்வரும் ஊர்காவலரும்.

காலத்தாலும் இடத்தாலும் சேய்மைப்பட்ட இவ்விரண்டும் ஒன்றில் ஒக்கும். பாடிய மாங்குடி மருதனாரும் வரைந்த தெகாவும் ஆடவர். அம்மகளிர் காணப்படுகின்றனரேயன்றித் தம் வாழ்வைத் தாமே கூறுகின்றிலர். ஆதலின், நகரம் அவரை நோக்கிய நோக்கிற்கே இவை சான்றாம். அவர் வாழ்வையே அறிந்தோமெனக் கூறுதல் ஆய்வுநெறியன்று என்பது எம் கருத்து.