கூடாரத் தங்கல்: செங்கல்பட்டு, மாமல்லபுரம் கடற்கரை

செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரத்திலும் ஏரி, குன்றுப் பகுதிகளிலும் ஓரிரு இரவுகள் கூடாரம் அடித்துத் தங்குவதற்கு ஏற்ற இடங்கள், சாமான்கள் பற்றியது இக்கட்டுரை. காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 29 அன்று தனி மாவட்டமான செங்கல்பட்டுக்குக் கிழக்கெல்லை வங்கக் கடல். கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கடப்பாக்கம் ஆகிய ஊர்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலை இணைக்கிறது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 55 கி.மீ. சனிக்கிழமை காலையில் கிளம்பி ஞாயிறு இரவுக்குள் வீடு திரும்பிவிடக்கூடிய தொலைவு.

கூடாரம் பற்றிய கையேடுகளில் பெரும்பாலானவை மலையையும் குளிரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இந்தக் கரையில் குளிர் ஒரு பொருட்டே அல்ல. மார்கழி, தை விடியலிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் அளவில்தான் நிற்கும். தூக்கத்தைக் கெடுப்பவை காற்று, புழுக்கம், மணல், உப்பு, கொசு. இந்த ஐந்தையும் எண்ணிப் பார்க்காமல் வாங்கிய விலையுயர்ந்த கூடாரத்தைவிட, எண்ணிப் பார்த்துக் கட்டிய தார்ப்பாய் மேல்.

மாசி மகக் கூடாரங்கள்

இங்கே கடலோரத்தில் கூடாரம் அடிப்பது நேற்று வந்த பொழுதுபோக்கு அல்ல. ஆண்டுதோறும் மாசி மகப் பௌர்ணமியை ஒட்டிச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் முதலிய மாவட்டங்களிலிருந்து இருளர் பழங்குடிக் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து கூடுகின்றன. குச்சிகளை மணலில் நட்டு, அவற்றின்மேல் புடவையும் தார்ப்பாயும் கட்டி இரவைக் கழிக்கிறார்கள். விடியலில் கடலோரத்தில் மணலால் படிகள் அமைத்துக் கன்னியம்மனை வழிபடுகிறார்கள். பெண் பார்ப்பது, திருமணம், மொட்டை, காது குத்து எல்லாம் அதே மணலில் நடக்கின்றன.

கூடாரம் அடிக்க நினைப்பவருக்கு அந்தப் புடவைக் குடில்களில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. புடவை மெல்லிய துணி. காற்றை முழுக்க மறிக்காமல் கொஞ்சம் உள்ளே விடும். அதனால் உள்ளே புழுக்கம் இல்லை. கூரை பாய்மரம்போல உப்பி முளையைப் பிடுங்குவதும் குறைவு. பகலில் நிழல் தரும், இரவில் போர்வையாகும், நனைந்தால் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். மாசி மாதமோ மழை ஓய்ந்து வெயில் ஏறாத இடைவெளி. பௌர்ணமியானதால் விளக்கும் அதிகம் வேண்டாம். பருவம், பொருள், ஒளி மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கும் ஏற்பாடு அது. ஆனால் அது வழிபாடு. அந்த நாட்களில் அந்தக் கரை அவர்களுடையது. சுற்றுலாக் கூடாரத்துக்கு வேறு வாரம் பார்ப்பதே முறை.

பருவமும் காற்றும்

தங்குவதற்கு நல்ல காலம் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வங்கக் கடலில் புயல் பிறக்கும் மாதங்களும் இவையே. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைக் கிளம்பும் நாளன்றும் பார்க்க வேண்டும். துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுவதைத் தவிர வேறு யோசனை வேண்டாம்.

பலரும் எதிர்பார்க்காத ஆபத்து ஜூன் முதல் செப்டம்பர் வரை. பகலெல்லாம் மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும். மாலையிலோ நள்ளிரவிலோ மேற்கு வானில் இடி மின்னலோடு மேகம் திரண்டு, மழைக்கு முன்பே சூறைக்காற்று வந்து மோதும். கடலைப் பார்த்தபடி கூடாரம் அடித்தவருக்கு முதுகுப்பக்கத்திலிருந்து வரும் தாக்குதல் இது. இந்த மாதங்களில் இழுகயிறுகளை மேற்குப் பக்கம் இரட்டிப்பாகக் கட்ட வேண்டும். மின்னல் தொடங்கினால் வண்டிக்கோ கட்டடத்துக்கோ போய்விட வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் கூடாரமே வேண்டாம்.

இடம் பார்த்தல்

கடலோரத்தில் முதலில் பார்க்க வேண்டியது, அலை கொண்டுவந்து ஒதுக்கிய சருகும் சிப்பியும் கோடாகக் கிடக்கும் இடம். முந்தைய ஏற்றத்தின்போது தண்ணீர் எட்டிய எல்லை அது. அமாவாசை, பௌர்ணமியில் இன்னும் மேலே வரும். அதற்கும் மேலே அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்திருக்கும் மணல்மேடு. அந்தச் செடிகள் வேர் பிடித்திருக்கின்றன என்றால், அங்கே அலை அடிக்கடி வருவதில்லை என்று பொருள். மேட்டைப் பிடித்து வைத்திருப்பவை அந்த வேர்கள்தான். ஆகவே அவற்றின்மேல் கூடாரம் அடிக்காமல் மேட்டுக்குப் பின்னால், நிலப்பக்கத்துச் சரிவில் அடிக்க வேண்டும். காற்றும் அங்கே பாதியாகக் குறையும்.

கடலை நம்பாதே என்பதற்கு இக்கரையில் சான்று மணலுக்கு அடியிலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள சாளுவன்குப்பத்தில் நடந்த அகழாய்வில் செங்கல்லால் கட்டிய பழைய முருகன் கோயிலின் அடித்தளம் வெளிப்பட்டது. அதைக் கடல்தான் கொண்டது என்பது அகழாய்வாளர் கருத்து. அதே ஊரிலுள்ள புலிக்குகைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் நடந்தால் அதையும் பார்க்கலாம்.

மேட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் சவுக்குத் தோப்பு வரும். நிழல் உண்டு, மெத்தைபோல் உதிர்ந்த ஊசிச்சருகு உண்டு; அந்தச் சருகு எளிதில் தீப்பிடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. பல தோப்புகள் பட்டா நிலம். உடையவரிடம் கேட்டுவிட்டே நுழைய வேண்டும். தென்னைக்கு அடியிலும், காய்ந்த மட்டை தொங்கும் பனைக்கு அடியிலும் ஒருபோதும் படுக்கக் கூடாது.

உள்நிலத்தில் கவனிக்க வேண்டியவை வேறு. செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம். ஏரிக்கரையில் தங்குபவர், உபரிநீர் வழியும் கலங்கல் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதன் நீர்ப்போக்கை விட்டு விலக வேண்டும். பாலாற்று மணல் பார்க்க அழகாக, வறண்டு, சமதளமாக இருக்கும்; 2021 நவம்பரில் அதே ஆற்றில் பெருவெள்ளம் கரை தொட்டு ஓடியது. ஆற்றுப் படுகையில் கூடாரம் கூடாது. ஏரி ஓரங்களில் சீமைக்கருவேல முள் உதிர்ந்து கிடக்கும். கூடாரத்தின் தரைத்துணியையும் காற்றடைத்த மெத்தையையும் ஒரே இரவில் ஓட்டையாக்கும். பாறைக் குன்றுகள் பகலில் வாங்கிய சூட்டை நள்ளிரவு வரை கக்கும் என்பதால் வெயில் மாதங்களில் அவையும் ஆகா.

கூடாரமும் மற்றவையும்

இப்பகுதிக்கு ஏற்றது இரண்டு அடுக்குக் கூடாரம்: உள்ளே வலைத்துணி அறை, வெளியே தனியாகக் கழற்றக்கூடிய மழைத்துணி. ஒற்றை அடுக்குக் கூடாரத்தில் மூச்சுக்காற்றின் ஈரமும் கடற்காற்றின் ஈரமும் துணியின் உட்புறம் நீராகப் படிந்து, மழை பெய்யாமலே விடியலில் நனைத்துவிடும். வலை அறை இருந்தால் மழை இல்லாத இரவில் வெளித்துணியைக் கழற்றி வைத்துவிட்டுக் காற்றோட்டமாகத் தூங்கலாம். மழைத்துணியின் தரத்தை மில்லிமீட்டரில் குறித்திருப்பார்கள். 2000 மி.மீ. என்றால் அத்துணியின்மேல் 2 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றாலும் கசியாது என்று பொருள். மழைக்காலத்துக்கு வெளியே இங்கே அது போதும். இருவர் கூடாரம் என்று எழுதியிருப்பது தோளோடு தோள் ஒட்டிப் படுக்கும் கணக்கு. புழுக்கத்தில் அது ஒத்துவராது. இருவருக்கு மூவர் கூடாரம் வாங்குவது நல்லது.

கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் களிமண்ணுக்கும் புல்தரைக்கும் உரியவை. கடல்மணலில் கையால் இழுத்தாலே வந்துவிடும். அவற்றை வீட்டில் வைத்துவிட்டு, காலி அரிசிப் பைகள் நான்கைந்தை மடித்து எடுத்துக்கொள்ளலாம். பையில் மணல் நிரப்பி, நடுவில் கயிற்றைக் கட்டி, முழங்கால் ஆழத்தில் புதைத்து மிதித்தால் சூறைக்காற்றிலும் அசையாது. பை இல்லையென்றால் முழ நீளச் சவுக்குக் கட்டையைக் கயிற்றின் இழுப்புக்குக் குறுக்காகப் படுக்கவைத்துப் புதைத்தாலும் அதே பலம். தரைக்கு அடியில் விரிக்கப் பழைய ஃபிளக்ஸ் பேனரைப் போல உறுதியானது வேறில்லை. முள்ளும் ஏறாது, ஈரமும் ஏறாது. கூடாரத்தின் தரையளவைவிட அது சற்றுச் சிறிதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைத் தாங்கி உள்ளே அனுப்பும்.

உப்பு ஜிப்பைத் தின்னும். திரும்பியதும் கூடாரத்தை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்கக் காயவைத்து, ஜிப்பின்மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்து வைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும். படுக்கைக்கு நுரைப்பாயோ கோரைப்பாயோ, ஒரு பருத்திப் போர்வை. குளிர்ப் பிரதேசத்துத் தூக்கப்பை சுமைதான்.

குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டராவது வேண்டும். கடலோரக் கிணறுகளில் பல உவர். கேனில் கொண்டுபோவதே நம்பகம். ஓரிரவுத் தங்கலுக்கு அடுப்பே தேவையில்லை. புளியோதரையும் வறுவலும் கட்டிக்கொண்டால் முதல் நாள் முடிந்தது. மறுநாள் காலை இட்லி எந்த ஊரிலும் கிடைக்கும். அடுப்பு வேண்டும் என்பவர்கள் சிறிய கேஸ் அடுப்பைக் காற்றுத் தடுப்போடு வெளியே வைத்துத்தான் சமைக்க வேண்டும். கூடாரத்துக்குள் பற்றவைத்தால் துணி நொடியில் எரியும். எரியாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும். செங்கல்பட்டுக்கு மின்சார ரயிலில் வருபவர்கள் கேஸ் உருளை எடுத்துவரக் கூடாது; ரயிலில் அதற்குத் தடை.

பாம்பு

வடநெம்மேலியில் 1976இல் ராமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணையின் வளாகத்தில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்கிவருகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்து, விஷமுறிவு மருந்து தயாரிக்க அனுப்பும் இடம் அது. நான்கு பாம்புகளும் இம்மாவட்டத்து வயலிலும் தோப்பிலும் வாழ்பவை.

இவற்றுள் கூடாரக்காரர் அறிந்திருக்க வேண்டியது கட்டுவிரியன். இரவில் நடமாடும், தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிப்பதே அதன் கடிகளில் அதிகம். வலி அவ்வளவாக இராது. கடித்த தடமும் தெரியாமல் போகலாம். விடியலில் வயிற்று வலி, இமை தொங்குதல், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் என்று வெளிப்படும்போது நேரம் கடந்திருக்கும். தரைத்துணியோடு சேர்த்துத் தைத்த, ஜிப் முழுக்க மூடும் வலை அறை இங்கே கொசுவுக்கு மட்டுமல்ல, உயிருக்கே காவல். இரவு எழுந்து வெளியே போகும்போதும் ஜிப்பை மூட வேண்டும். செருப்பை உள்ளே வைத்துக்கொண்டு, போடுமுன் உதற வேண்டும். கடித்துவிட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் கட்டிறுக்குவதும் வேண்டாம்; 108ஐ அழைத்து, கடிபட்டவரை நடக்கவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாமல்லபுரத்திலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ.

ஆமையும் அனுமதியும்

ஜனவரி முதல் மார்ச் வரை, சில ஆண்டுகளில் ஏப்ரல் வரையும், பங்குனி ஆமைகள் இக்கரை முழுவதும் இரவில் ஏறி முட்டையிடுகின்றன. ஒரு குழியில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள் இருக்கும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் கடலின் மேல் தெரியும் மங்கிய ஒளியை நோக்கி நகர்பவை. கரையில் விளக்கோ தீயோ எரிந்தால் திசை மாறி நிலப்பக்கம் போய் மடியும். மனிதருக்கு உகந்த அதே மாதங்கள் ஆமைக்கும் உகந்தவை என்பதால், விட்டுக்கொடுக்க வேண்டியது வந்து போகும் மனிதரே. மணலில் தீ மூட்டக் கூடாது. விளக்கைக் கூடாரத்துக்குள் மட்டும், அதுவும் சிவப்பு ஒளியாக வைப்பது நல்லது. 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இது. முட்டையைத் தொடுவதும் குற்றம்.

பொதுக் கடற்கரையில் நினைத்த இடத்தில் இரவு தங்க உரிமை இல்லை. காவல் துறை எழுப்பி அனுப்பும். ஊர்ப் பஞ்சாயத்திடமும் மீனவர் குப்பத்துப் பெரியவர்களிடமும் முன்பே பேசுவது வழக்கமும் பாதுகாப்பும் ஆகும். தொல்லியல் துறையின் காப்பிலுள்ள மாமல்லபுரச் சின்னங்களின் வளாகத்திலும், அனுமதியின்றிக் காப்புக்காட்டிலும் தங்க முடியாது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று நேர்ந்த காட்டுத்தீக்குப் பிறகு காட்டுக்குள் மலையேறுவதற்கான விதிகள் இறுகிவிட்டன. பணம் கட்டித் தங்கும் கூடார விடுதி என்றால், சுற்றுலாத் துறையில் பதிவு உண்டா என்று கேட்பது தங்குபவரின் உரிமை.

பகுதிகள்

கோவளம், முட்டுக்காடு: நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரையும் அலைச்சறுக்கும் கூட்டத்தை ஈர்ப்பவை. பகலில் வரலாம், கூடாரம் விடுதி வளாகத்துக்குள்தான்.

மாமல்லபுரம்: ஊரின் இரைச்சல் கடற்கரைக்கும் கேட்கும். வடக்கே சாளுவன்குப்பம் பக்கம் சவுக்கு நிழல் உண்டு. கரையை ஒட்டிய இழுவை நீரோட்டம் பலரைப் பலிகொண்டிருப்பதால், தங்கும் இடத்தின் முன்னால் கடல் இருக்கிறது என்பதற்காகவே அதில் இறங்கக் கூடாது.

கல்பாக்கம்: அணுமின் நிலையம் உள்ள காவல் பகுதி. இதைக் கடந்து போய்விட வேண்டும்.

முதலியார்குப்பம் முதல் கடப்பாக்கம் வரை: மாவட்டத்தில் கூடாரத்துக்கு மிகச் சிறந்த நிலம் இதுவே. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில் முதலியார்குப்பத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை. உப்பங்கழியைத் தாண்டினால் ஆளரவமற்ற மணல்திட்டு. அதற்கும் தெற்கே ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடு. கடலுக்கும் கழிக்கும் இடையே கிடக்கும் இந்த நாட்டின் பெயரே இடைக்கழிநாடு. பாணரை வழிநடத்தி, எந்த நிலத்தில் யார் என்ன உணவு தந்து உபசரிப்பார்கள் என்று சொல்லும் சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நல்லூர் நத்தத்தனார் இந்த நாட்டுக்காரர். கழிப்பக்கத்தில் காற்று குறைவு, கொசு அதிகம். கடல் பக்கத்தில் நேர்மாறு. இரண்டுக்கும் நடுவிலுள்ள மேட்டில் அடித்தால் இரண்டின் தொல்லையும் குறையும்.

வேடந்தாங்கல், கரிக்கிலி: 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பறவைச் சரணாலயங்கள். எல்லைக்குள் இரவு தங்கல் இல்லை. வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பக்கத்துத் தோப்பில் தங்குபவர் பாட்டுப்பெட்டியை வண்டியிலேயே வைத்துவிட வேண்டும். மதுராந்தகம் பக்கம் தங்கி, இருள் பிரியுமுன் கிளம்பினால், கூடுகளிலிருந்து பறவைகள் இரைக்குப் புறப்படும் நேரத்துக்கு வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நிற்கலாம்.