நாற்பது முகங்கள்

என் நாவல் ஒன்றின் கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி கண்ணீர் வடிக்கிறாள். மூன்று இரவுகள் கண் விழித்து எழுதிய கட்டம் அது. ஈய எழுத்துக் கோத்து அச்சடித்து வந்த நாட்கள். புத்தகம் கைக்கு வந்ததும் ஆவலோடு அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பிரித்தேன். "அவள் தண்ணீர் வடித்தாள்" என்று இருந்தது! மாறியது ஒரே ஓர் எழுத்துத்தான். ஆனால் சோகத்தின் சிகரத்தில் நிற்க வேண்டிய பெண், ஒழுகுகிற குடமாகிவிட்டாள்.

அன்று மாலை என் புலம்பலைப் பொறுமையாகக் கேட்டவர் எங்கள் தெருக்கோடி வீட்டு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். தபால் தலை என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"அச்சுப் பிழைக்கா இவ்வளவு துக்கம்? நான் முப்பது வருஷமாக அச்சுப் பிழையைத் தேடித்தான் அலைந்துகொண்டிருக்கிறேன்" என்று சொல்லி, அலமாரியிலிருந்து ஓர் ஆல்பத்தை எடுத்து வந்தார்.

அதில் ஒரு மஞ்சள் நிறத் தபால் தலை இருந்தது. நடுவே சிவப்புக் கேடயம். அதில் வெள்ளைச் சிலுவை. மேலே தபால்காரன் ஊதும் கொம்பு. ஓரங்களில் பல் இல்லை. கத்தரிக்கோலால் வெட்டியவர் அவசரக்காரர் போலிருக்கிறது. ஒரு பக்கத்துக் கோடுகளையும் சேர்த்து வெட்டியிருந்தார். "அதனால்தான் என் பென்ஷனுக்கு எட்டியது" என்றார் வாத்தியார்.

"இதில் பிழை எங்கே இருக்கிறது, ஸார்?"

"லென்ஸைப் பிடியுங்கள். இது நாற்பது பேரில் ஒருவன். எந்த ஒருவன் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று."

அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே சொல்லுகிறேன்.

உலகத்தின் முதல் தபால் தலை 1840-ல் இங்கிலாந்தில் பிறந்தது. அடுத்தபடியாக அந்தத் துணிச்சலைச் செய்தவர்கள் ஜூரிச்காரர்கள். 1843 மார்ச் முதல் தேதியன்று 4 ராப்பன், 6 ராப்பன் என்று இரண்டு தபால் தலைகளை வெளியிட்டார்கள். நகரத்துக்குள் போகிற கடிதத்துக்கு நாலு. ஜூரிச் கான்டனுக்குள் வேறு ஊருக்கு என்றால் ஆறு. கள்ள அச்சுக்காரர்களை ஏமாற்றுவதற்காக அடியில் மெல்லிய சிவப்புக் கோடுகளையும் போட்டார்கள். ஆனால் ஒவ்வொரு மதிப்பிலும் ஐந்து விதமான தலைகள் வரிசையாக அமைந்துவிட்டன. அடுத்தடுத்து இருக்கும் ஐந்தும் உடன்பிறந்தவர்கள் போல் இருக்கும். இரட்டைப் பிள்ளைகள் போல் இருக்காது.

அப்போது ஸ்விட்ஸர்லாந்து ஒரே தேசமாக இறுகவில்லை. கான்டன் என்கிற ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று தபாலை நடத்திக்கொண்டிருந்தது. ஜூரிச்சைப் பார்த்து அதே வருஷம் ஜினீவாவும், 1845-ல் பேஸலும் தபால் தலை வெளியிட்டன. 1847-ல் கான்டன்களுக்குள் உள்நாட்டுப் போரே மூண்டது. அது ஓய்ந்த பிறகு 1848-ல் ஒரு பொது அரசியல் சட்டம் பிறந்தது. 1849 முதல் தபாலும் மத்திய அரசின் கைக்கு வந்தது. 1850-ல், தேசம் முழுவதற்கும் பொதுவான தபால் தலைகள் வெளிவந்தன.

இவற்றில் 'ரேயான்' வரிசைதான் வாத்தியாரின் மஞ்சள் தலை. ரேயான் என்றால் தூர வட்டம். நம் பெரியவர்கள் 'நாழிகை வழி' என்று தூரத்தைச் சொன்னார்களே, அதே போல அங்கே நடைமணிக் கணக்கில் தூரத்தை அளந்தார்கள். பத்து மணி நேர நடைத் தூரத்துக்குள் போனால் முதல் ரேயான். 5 ராப்பன், நீல நிறம். அதற்கு அப்பால் இரண்டாம் ரேயான். 10 ராப்பன், மஞ்சள்.

இவற்றை அச்சிடும் வேலை பெர்ன் நகரத்துக் கல் அச்சுக்காரர் கார்ல் டூர்ஹைம் என்பவரிடம் வந்தது.

கல் அச்சு என்பது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் மியூனிக் நகரத்து ஸெனஃபெல்டர் கண்டுபிடித்த வித்தை. எண்ணெய்ப் பசையுள்ள மையால் கல்லின் மேல் படம் வரைந்து, கல்லைத் தண்ணீரால் நனைத்து, அச்சு மையைத் தடவினால் படத்தில் மட்டுந்தான் மை ஒட்டும். ஒரே தபால் தலையை ஆயிரக் கணக்கில் அச்சிட வேண்டுமானால், மூலப் படத்தைத் தனித் தாளில் எடுத்து, இன்னொரு கல்லின்மேல் திரும்பத் திரும்பப் பதிக்க வேண்டும். இப்படி நாற்பது பதிப்புக்கள் கொண்ட ஒரு தொகுதியை உண்டாக்கினார்கள். பிறகு அந்த நாற்பதையும் பெரிய கல்லில் நான்கு மூலைகளுக்கும் மாற்றினார்கள். ஆக ஒரு தாளுக்கு நூற்று அறுபது.

பதிக்கும்போது ஓரிடத்தில் தாள் சுருங்கும். ஓரிடத்தில் மை நழுவும். ஒரு கோடு பாதியில் நின்றுவிடும். அச்சுக்கூடத்து ஆள் ஊசி மாதிரி பேனாவால் அதை ஒட்டுப் போடுவான். அந்த ஒட்டு ஒரு மயிரிழை தடிமனாக அமையும். இப்படியாக நாற்பதும் நாற்பது முகங்களாயின. கல்லில் பிறகு விழுந்த கீறலோ, நூற்று அறுபதில் ஒன்றுக்கு மட்டுமே உரிய மச்சமாயிற்று.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. முதலில் வெள்ளைச் சிலுவையைச் சுற்றிக் கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. பிறகு அது வேண்டாம் என்று முடிவாகி, கல்லிலிருந்து அழித்தார்கள். ஆனால் சில இடங்களில் கோட்டின் துணுக்குகள் பிடிவாதமாகத் தங்கிவிட்டன. அழித்தவனுடைய அலுப்பு அந்தத் துணுக்குகளில் இன்றும் தெரிகிறது.

சேகரிப்பவர்கள் இந்தக் குறைகளை வைத்தே, காணாமற்போன கற்களை மீண்டும் காகிதத்தில் உண்டாக்கிவிட்டார்கள். எந்தக் கல், எந்த மூலை, நாற்பதில் எத்தனையாவது என்று ஒரு தலையைப் பார்த்துச் சொல்கிறார்கள். இதனால் ஒரு நன்மை விளைந்தது. நாற்பது முகங்களில் எதோடும் ஒத்துப்போகாத தலை ஒன்று வந்தால் அது போலி! கள்ளன் எவ்வளவு அழகாக வரைந்தாலும் பயனில்லை. உண்மையானதற்கு இருக்க வேண்டிய குறை அவனுடையதில் இல்லையே!

அரசாங்கத்துக்கு இந்தப் பல முகங்கள் பிடிக்குமா? 1854-ல் கல் அச்சைக் கைவிட்டு, ஹெல்வீஷியா தேவி அமர்ந்திருக்கும் உருவத்தைப் புடைப்பு அச்சாக மியூனிக்கிலே அடித்தார்கள். பிறகு பெர்ன் நாணயச் சாலையிலே அடித்தார்கள். காகிதத்துக்குள் பட்டு இழையும் வைத்தார்கள். ஆனாலும் தேவியின் தலைமேல் இருந்த இலை மாலை சரியாகத் தெரியாமல், கலைந்த கூந்தல் போல் தோன்றியது. ஜனங்கள் அந்தத் தபால் தலைக்கே 'ஸ்ட்ரூபல்', அதாவது பரட்டைத் தலை என்று பெயர் வைத்துவிட்டார்கள்! 1882-ல் தேவியை நிற்க வைத்துச் செதுக்கினார்கள். தகடு தேயத் தேயக் கையால் திருத்தினார்கள். ஒவ்வொரு திருத்தமும் ஒரு புது வகையாயிற்று.

இதுவரை கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். வாத்தியார் ஆல்பத்தை மூடிவிட்டு ஒரு புத்தகத்தைத் திறந்தார். அதில் ஒரு பெண்ணின் பழைய புகைப்படம். காமிராவை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இதையும் எடுத்தவர் அதே டூர்ஹைம்தான்" என்றார்.

அந்தக் காலத்து ஸ்விட்ஸர்லாந்தில் ஊர் இல்லாத ஜனங்கள் இருந்தார்கள். கூடை முடைபவர்கள், பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்கள், சில்லறைச் சாமான் விற்பவர்கள். அங்கே குடியுரிமை என்பது ஏதாவது ஓர் ஊரைச் சேர்ந்தவனுக்குத்தான். ஊர்க் கணக்கில் பெயர் இல்லாதவனுக்குக் குடியிருக்கவும் உரிமை இல்லை. 1850 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. இவர்களையும் ஏதாவது ஓர் ஊரில் சேர்த்தாக வேண்டும் என்றது; அதே மூச்சில் இவர்கள் ஊர் சுற்றுவதையும் தண்டித்தது. பலரைப் பிடித்து வந்து பெர்னில் விசாரித்தார்கள். 1852, 1853ஆம் ஆண்டுகளில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களை அரசாங்க வழக்கறிஞரின் உத்தரவுப்படி டூர்ஹைம் படம் பிடித்தார். அந்தப் படங்களைக் கல் அச்சில் பெருக்கிக் கான்டன் போலீஸாருக்கு அனுப்பினார்கள். உலகில் போலீஸாருக்காக எடுக்கப்பட்ட மிகப் பழைய புகைப்படங்களில் இவையும் சேர்ந்தவை.

ரேயான் தபால் தலைகள் வழக்கில் இருந்த அதே வருஷங்கள்! ஒன்றுபோல் இருக்க வேண்டியவை அவர் கல்லில் வேறு வேறு முகங்களாகப் பிறந்தன. வேறு வேறாக இருந்த மனித முகங்களோ, பிடித்து அடையாளம் வைப்பதற்காகக் கல்லேறின.

"இரண்டையும் லென்ஸ் வைத்துத்தானே பார்க்கிறார்கள், ஸார்?" என்று கேட்டேன்.

வாத்தியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "லென்ஸ் ஒன்றுதான். இந்த மஞ்சள்காரனை நான் தேடியது, அவனை அவன் இடத்தில் உட்கார வைத்துச் சந்தோஷப்பட. இந்தப் பெண்ணை அவர்கள் தேடியது, அவள் தப்பாமல் இருக்க. ஆனால் ஒன்று பாருங்கள். இந்தப் படங்கள் பெர்ன் அரசாங்க ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. சந்தேகத்தோடு எடுத்த படந்தான். அது இல்லாவிட்டால் இப்படி ஒருத்தி இருந்தாள் என்பதே நமக்குத் தெரிந்திராது. இனிமேல் எந்தக் கண்ணால் பார்ப்பது என்பது நம் பொறுப்பு."

நான் லென்ஸை வாங்கி அந்தப் படத்தைப் பார்த்தேன். அவள் கண்களுக்குக் கீழே களைப்பு இருந்தது. நாள் முழுவதும் நடந்து வந்தவளின் களைப்பு.

வீட்டுக்கு வந்ததும் என் நாவலின் அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்தேன். எந்த அச்சுக்கூடத்திலோ, மங்கிய விளக்கடியில், நள்ளிரவில் ஒருவர் எழுத்துக் கோத்திருக்கிறார். 'க' இருக்க வேண்டிய இடத்தில் அவர் விரல் 'த'வை எடுத்திருக்கிறது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. அந்தப் புத்தகம் முழுவதிலும் அவர் இருந்ததற்கு அடையாளம் அந்த ஓர் எழுத்துத்தான்.

இரண்டாம் பதிப்பில் கதாநாயகி ஒழுங்காகக் கண்ணீர் வடிக்கிறாள். என்னிடம் இருக்கும் பிரதியில் மட்டும் நான் திருத்தவில்லை.