எல்லை தாண்டும் லாரியும் அதன் விளக்குகளும்

ஸ்வீடன் நாட்டின் வடகோடியில் டிசம்பர் மாதத்தில் சூரியன் பல நாட்கள் தலைகாட்டுவதே இல்லை. பனி மூடிய காட்டுச் சாலையில் லாரி ஓட்டுபவருக்கு அங்கே ஒரு பயம் உண்டு. மூஸ் என்னும் பெரிய மான் திடீரென்று சாலையின் குறுக்கே வந்து நிற்கும். வளர்ந்த மூஸ் ஒன்று பல நூறு கிலோ எடை இருக்கும். ஆகவே அங்குள்ள லாரிகள் பலவற்றின் முகப்பிலும் கூரையிலும், தொழிற்சாலையில் பொருத்தி அனுப்பிய விளக்குகளைத் தவிர வேறு விளக்குகளும் வரிசையாக இருப்பதைக் காணலாம்.

அத்தகைய லாரி ஒன்று பால்டிக் கடலைக் கப்பலில் கடந்து ஜெர்மனியில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அதன் கூரை மேல் எட்டு வெள்ளை விளக்குகள். முன்கண்ணாடியின் உட்புறம் அழகுக்காக ஒரு சிவப்பு விளக்குச் சரம். காவலர் வண்டியை நிறுத்துகிறார். “எங்கள் நாட்டில் இவற்றை யாரும் தடுக்கவில்லை. மேலும், கூரை விளக்குகளை நான் இங்கே எரியவிடவும் இல்லை” என்கிறார் ஓட்டுநர். இந்தப் பதில் செல்லுமா? இதற்கு விடை காண, நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

முதல் ஒப்பந்தம்

மோட்டார் வண்டிகள் நாட்டு எல்லைகளைக் கடக்கத் தொடங்கிய காலத்தில், ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதி இருந்தது. இந்தத் தொல்லையைத் தீர்க்க, 1909-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் பாரிஸ் நகரில் ஒரு பன்னாட்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. விளக்கைப் பற்றி அது கேட்டது மிகக் கொஞ்சம்: இரவில் முன்னே இரண்டு விளக்குகள், பின்னே எண் பலகை தெரியும்படி ஒரு விளக்கு. அது அசிட்டிலீன் வாயு விளக்குகளின் காலம்.  மின்விளக்கு பரவிய பின்னர், வெளிச்சம் மிஞ்சிப்போவது பெரிய கவலையாயிற்று.

இதற்குப் பிரான்ஸ் நாடு தனி வழி ஒன்றைத் தேடியது. மஞ்சள் ஒளி கண்ணைக் குறைவாகக் கூசச் செய்யும் என்ற நம்பிக்கையில், 1930-களின் பிற்பகுதியில் முகப்பு விளக்குகள் மஞ்சளாகவே இருக்க வேண்டும் என்று அந்நாடு சட்டம் செய்தது. வெள்ளை ஒளியிலிருந்து நீலப் பகுதியை வடிகட்டினால் இந்த மஞ்சள் கிடைக்கும். வடிகட்டுவதால் மொத்த ஒளியில் ஒரு பங்கு குறையும் என்பது வேறு விஷயம். அண்டை நாடுகளிலோ வெள்ளை விளக்குகளே வழக்கம். அப்படியானால் பெல்ஜியத்திலிருந்து வரும் லாரி எல்லையில் நின்று பல்பு மாற்ற வேண்டுமா? வேண்டியதில்லை. 1949-ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவான சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தில் முகப்பு விளக்கின் நிறம் “வெள்ளை அல்லது மஞ்சள்” என்றே எழுதப்பட்டது. பிரெஞ்சுக்காரர் தம் வண்டிகளில் மஞ்சளை வைத்துக்கொண்டனர். வந்துபோகும் அயல்நாட்டு வண்டிகளின் வெள்ளை விளக்குகளைப் பொறுத்துக்கொண்டனர். 1993-இல் இந்த மஞ்சள் கட்டாயம் முடிவுக்கு வந்தது.

ஒப்பந்தம் தரும் உறுதி

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஐரோப்பாவில் லாரிப் போக்குவரத்து பெருகியது. சுங்கச் சாவடிகளில் சரக்கைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்க்காமல், முத்திரையிட்டு நாடு விட்டு நாடு அனுப்பும் ‘டி.ஐ.ஆர்.’ முறை 1949-இல் தொடங்கி, 1959-இலும் 1975-இலும் செய்த ஒப்பந்தங்களால் விரிவடைந்தது. இவ்வாறு சரக்குக்கு எல்லைகளில் எளிய வழி பிறந்தது. ஆனால், அந்த முத்திரை சரக்குப் பெட்டிக்கு மட்டுமே. வண்டியின் விளக்குகளுக்கு அது பொருந்தாது.

வண்டிகளுக்கான உறுதியை 1968-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தத்தில் காணலாம். அதன் ஐந்தாம் இணைப்பில் சொல்லியுள்ள தொழில்நுட்ப நிபந்தனைகளையும் பதிவு முதலிய பிற நிபந்தனைகளையும் நிறைவேற்றும் அயல்நாட்டு வண்டியை, ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் அனுமதிக்கக் கடமைப்பட்டவை. விளக்கைப் பற்றிய நிபந்தனைகளில் முக்கியமானவை இவை:

நாம் ‘பிரைட்’ என்று சொல்லும் தொலைவொளி விளக்குகள் இரட்டைப்படை எண்ணிக்கையில் இருக்க வேண்டும். தெளிவான இரவில் 100 மீட்டராவது சாலையைக் காட்ட வேண்டும். ‘டிம்’ என்னும் தாழ்வொளி 40 மீட்டராவது காட்ட வேண்டும். சிவப்பு ஒளி முன்னோக்கித் தெரியக் கூடாது. பின்னோக்கி வெள்ளை ஒளி கூடாது. வண்டி பின்வாங்கும்போது எரியும் விளக்கு போன்றவை மட்டுமே இதற்கு விலக்கு. திரும்பும் குறிவிளக்கும் தனி எச்சரிக்கை விளக்குகளும் தவிர வேறு எதுவும் மினுக்கக் கூடாது.

நிறத்தில் ஏன் இத்தனை கண்டிப்பு? இருட்டில் தொலைவில் வரும் வண்டியின் உருவம் நமக்குத் தெரிவதில்லை. விளக்கின் நிறம் ஒன்றே தெரிகிறது. வெள்ளை தெரிந்தால் வண்டி நம்மை நோக்கி வருகிறது. சிவப்பு தெரிந்தால் நமக்கு முன்னே விலகிப் போகிறது. முகப்பில் சிவப்பு விளக்கைத் தொங்கவிட்டால், எதிரே வருபவர் அந்த லாரி எந்தத் திசையில் போகிறது என்பதையே தவறாக நினைக்கக் கூடும்.

வெளிச்சத்தின் கணக்கு

வெள்ளை விளக்குகளைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். ஒளியின் வலிமை தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். 100 மீட்டரில் ஒரு பொருள் மீது விழும் அதே வெளிச்சம் 200 மீட்டரிலும் விழ வேண்டுமானால், நான்கு மடங்கு ஒளி வேண்டும். ஆகவே தூரத்தில் கிடைக்கும் இலாபம் குறைவு. எதிரே வருபவருக்கு உண்டாகும் கூச்சமோ அதிகம். இருளுக்குப் பழகிய அவருடைய கண் அந்த நிலையை இழந்து, மீண்டும் பழகச் சில வினாடிகள் ஆகின்றன. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடியில் வண்டி 22 மீட்டர் போய்விடும். மூன்று வினாடி என்றால் 66 மீட்டர்! கூரையில் உயரமாக வைத்த விளக்கின் ஒளி, பனிமூட்டத்தில் சிதறி லாரி ஓட்டுபவரின் கண்ணுக்கே திரும்பி வருவதும் உண்டு. மூடுபனி விளக்கைத் தாழ்வாக வைப்பது இதனால்தான்.

இந்த அறிவியலை விதியாக்கும் பணி 1958-ஆம் ஆண்டின் மற்றொரு ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் நடைபெறுகிறது. அதன்படி ஒப்புதல் பெற்ற விளக்கின் மீது ஒரு வட்டத்துக்குள் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எண் 1 என்றால் ஒப்புதல் தந்த நாடு ஜெர்மனி, 2 பிரான்ஸ், 5 ஸ்வீடன். விளக்குகளைப் பொருத்தும் முறையைக் கூறுவது 48-ஆம் ஒழுங்குவிதி. எல்லாத் தொலைவொளி விளக்குகளும் சேர்ந்து தரக்கூடிய ஒளிச்செறிவுக்கு அது ஓர் உச்ச வரம்பு வைக்கிறது. முன்பு அது 2,25,000 காண்டெலா. பின்னர் 4,30,000 ஆயிற்று. ஒரு காண்டெலா என்பது ஏறத்தாழ ஒரு மெழுகுவர்த்தியின் ஒளிச்செறிவு.

சாலையோரத்தில் காவலர் இதை அளந்து பார்க்க முடியுமா? அதற்கும் எளிய வழி உண்டு. ஒவ்வொரு விளக்கின் மீதும் அதன் வலிமையைக் குறிக்கும் எண் பொறித்திருக்கும். ஒரே சமயத்தில் எரியக்கூடிய விளக்குகளின் எண்களைக் கூட்டினால் 100-ஐத் தாண்டக் கூடாது. தொழிற்சாலை விளக்குகள் இரண்டும் 17.5 என்றால் கூட்டுத்தொகை 35. இவற்றுடன் 30 எண்ணுள்ள இரண்டு விளக்குகளைச் சேர்த்தால் 95, விதிக்குள் அடங்கும். 37.5 எண்ணுள்ள இரண்டைச் சேர்த்தால் 110, விதி மீறல். எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. பொதுவாக இரண்டு அல்லது நான்கு. 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கு மட்டும் இன்னும் இரண்டு கூடுதலாகப் பொருத்தலாம். ஆயினும் நான்குக்கு மேல் ஒரே சமயத்தில் எரியக் கூடாது.

எரியாத விளக்கும் குற்றமா?

இனி ஓட்டுநரின் பதிலுக்கு வருவோம். “எரியவிடவில்லை” என்ற பகுதி வலுவற்றது. ஜெர்மனியின் வண்டி அனுமதிச் சட்டம், விதித்த அல்லது அனுமதித்த விளக்குகளை மட்டுமே வண்டியில் பொருத்தலாம் என்கிறது; எரிவதைப் பற்றி மட்டும் அது பேசவில்லை. பிரிட்டனின் 1989-ஆம் ஆண்டு விளக்கு விதிகளும் அத்தகையவே: முன்னோக்கிச் சிவப்பு ஒளி காட்டக்கூடிய விளக்கைப் பொருத்துவதே கூடாது. அயல்நாட்டைத் தளமாகக் கொண்ட வண்டி உள்ளே வந்து 12 மாதம் கடக்காதவரை, பிரிட்டன் தன் பொருத்து விதிகளிலிருந்து விலக்கு அளிக்கிறது. ஆனால் அவ்வண்டி 1926 அல்லது 1949 ஒப்பந்தத்தின் விளக்கு நிபந்தனைகளை முழுவதும் நிறைவேற்ற வேண்டும். முன்பக்கச் சிவப்பை 1949 ஒப்பந்தமே தடுத்துவிட்டதால், அந்தச் சரத்துக்கு அங்கும் தப்ப வழியில்லை.

“எங்கள் நாட்டில் தடையில்லை” என்ற பகுதியோ பாதி உண்மை. பன்னாட்டு ஒழுங்குவிதிக்கு இணங்கிய விளக்கு வியன்னா ஒப்பந்தத்துக்கும் இணங்கியதாகக் கருதப்படும் என்ற திருத்தம் 2016 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே முத்திரையும் எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும் சரியாக இருந்தால், ஓட்டுநர் தைரியமாக ஒப்பந்தத்தைக் காட்டலாம். கூரையில் எட்டு விளக்குகள் என்னும்போது அந்தத் துணை போய்விடுகிறது. மிஞ்சுவது சொந்த நாட்டின் வழக்கம் மட்டுமே. அதை ஏற்பதும் மறுப்பதும் வந்த நாட்டின் கையில் இருக்கிறது. விளக்கைப் பொருத்தியவர் வண்டியின் உரிமையாளராக இருக்கலாம். சாலையோரத்தில் இறங்கி நின்று பதில் சொல்ல வேண்டியவர் ஓட்டுநர்தான்.

மூஸ் நடமாடும் காட்டில் அந்த விளக்குகள் ஓர் உயிரைக் காக்கக் கூடும் என்பதை மறுக்க முடியாது. அதே விளக்குகள் நெருக்கமான நெடுஞ்சாலையில் எதிரே வருபவரைக் குருடாக்கக் கூடும் என்பதும் உண்மையே. பயணம் புறப்படுமுன் விளக்கின் மீதுள்ள எண்களைக் கூட்டிப் பார்த்து, மிகையானவற்றைக் கழற்றி வைத்துவிட்டுப் போகும் ஓட்டுநருக்கு எந்த எல்லையிலும் கவலை இல்லை.