கபச்சுரப்பியின் வாங்கி: ஒரு கண்டுபிடிப்பின் சமூக வரலாறு

விஞ்ஞான வரலாற்றை மேதைகளின் வரலாறாக எழுதும் மரபு, இலக்கிய வரலாற்றைப் புலவர் வரலாறாக எழுதிய மரபினின்றும் அதிகம் வேறுபட்டதன்று. இனப்பெருக்க ஓமோன்களின் சுரப்பை ஆளும் மூளைத் தூதுப்பொருள் கண்டறியப்பட்ட கதை இதற்கு நல்ல சான்று. 1977 இன் மருத்துவ நோபல் பரிசில் ஒரு பாதியை றொஜர் கியமனும் அண்ட்ரூ ஷாலியும் பகிர்ந்துகொண்டனர். அவ்விருவரின் போட்டியே வரலாறாக நிலைத்தது. ஆனால் ஷாலியின் ஆய்வுகூடத்தில், ஏறத்தாழ 1,60,000 பன்றிகளின் மூளை அடிப்புறத்துப் பரிவகக்கீழ்த் துணுக்குகளிலிருந்து ஒரு மில்லிகிராமுக்கும் குறைந்த தூய பொருளே கிடைத்தது. துணுக்குகள் இறைச்சித் தொழிற்சாலையிலிருந்து வந்தவை. பத்து அமினோவமிலங்களாலான அதன் அமைப்பை 1971 இல் அறிவித்த கட்டுரையின் முதற்பெயர் மற்சுவோ; மூன்றாம் பெயர் நாயர். கொல்களத் தொழிலாளர் பெயர்களுக்கு அங்கு இடமில்லை.

தூதுப்பொருளை அறிந்தமை பாதி அறிவே. செய்தியைச் சொல்ல அது கபச்சுரப்பிக் கலத்தினுட் புகவேண்டியதில்லை. கலமென்சவ்விலுள்ள வாங்கி எனும் புரதத்துடன் அது பிணைந்ததும் கலத்தினுள்ளே கல்சியம் உயர்கிறது. சூலகத்தையும் விதையையும் இயக்கும் இரு ஓமோன்கள் குருதியிற் கலக்கின்றன. நாம் இதனை எழுதும் கிராண்ட்பாஸ், களனியாற்றைக் கடக்கும் பெருந்துறையாற் பெயர் பெற்றது. அத்துறையில் ஆளும் பொருளும் கடந்தன. இங்கோ செய்தி மட்டுமே கடக்கிறது.

1978 இல் க்நோபிலின் குழுவினர் இத்தூது அறுக்கப்பட்ட றீசஸ் குரங்குகளுக்கு அப்பொருளை மணிக்கொருமுறை சில நிமிடங்கள் செலுத்தினர், கபச்சுரப்பி இயங்கிற்று. இடைவிடாது செலுத்தியபோது சுரப்பு வீழ்ந்தது. பழைய முறைக்குத் திரும்பியதும் மீண்டது. அளவு மாற்றம் பண்பு மாற்றமாதற்கு இஃது எடுத்துக்காட்டு என்று கூறிவிட நம்மனோர்க்குத் தோன்றும். அவசரம் வேண்டியதில்லை: ஓயாத தூண்டலால் வாங்கிகள் பல கலத்தினுள் இழுக்கப்படுகின்றன, எஞ்சியவற்றின் உட்தொடர்பும் தளர்கிறது என்பதே விளக்கம். (மேலை ஆய்வுகூடங்களுக்கு றீசஸ் குரங்குகளைப் பெருமளவில் அனுப்பிவந்த இந்தியா அவற்றின் ஏற்றுமதியைத் தடைசெய்ததும் அதே 1978 இலேயே.)

வாங்கியின் இம்மௌனமே பின்னர் மருந்தாயிற்று. அதனை இடைவிடாது தூண்டி அடக்கும் லியூப்ரோலைட், 1985 இல் அமெரிக்காவிற் புரோஸ்டேட் புற்றுநோய்க்கு அனுமதிக்கப்பட்டது. ஷாலியின் ஆய்வுகூடம் அரசின் முன்னாட் படைவீரர் மருத்துவமனையைச் சார்ந்தது. மருந்தோ தக்கேடா, அபொட் எனும் இரு கம்பனிகளின் கூட்டு நிறுவனத்தின் பண்டம். மருத்துவர்க்கு இலவச மாதிரிகளை வழங்கி, அவற்றுக்கும் அரச காப்புறுதியிடம் பணங்கோரத் தூண்டியமை முதலான குற்றச்சாட்டுகளைத் தீர்க்க, 2001 இல் அந்நிறுவனம் 87 கோடி 50 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது.